இரயில் வண்டிக் கழிவறையும் நம் கடமையும்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

எனக்கு முன்னர்ப் பேசிய அறிஞர்கள் குறளின் நயத்தையும் சிலம்பின் சுவையையும் எடுத்துரைத்தார்கள். பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, இருபதாண்டுக்கு மேலாக இரயில்வேயில் எழுத்தராக ஊழியம் புரியும் எனக்கு அத்தகைய புலமை இல்லை. ஆகையால் நான் கண்டறிந்த ஒரு பொருளைப் பற்றியே பேச விழைகிறேன். அது இரயில் வண்டியின் கழிவறை.

விழா மேடையில் இதுவா பேச்சு என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். அவையில் சொல்லத் தகாததை வேறு சொல்லால் மறைத்துச் சொல்வதை இடக்கரடக்கல் என்பர் இலக்கண நூலார். சொல்லை மறைக்கலாம், பொருளை மறைத்தால் அதன் பாரம் வேறொருவர் தலையில் ஏறும். மேலும், நாம் ஊர் விட்டு வந்து பெங்களூரில் குடியேறியவர்கள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும், கலியாணத்துக்கும் கருமாதிக்கும் இரவு வண்டியேறிச் சென்று மீள்பவர்கள். இப்பொருள் நமக்கு அயலானதன்று.

பழைய பெட்டிகளில் கழிவு நேரே தண்டவாளத்தில் விழுந்ததை நீங்கள் அறிவீர்கள். வண்டி நிலையத்தில் நிற்கும்போது கழிவறையைப் பயன்படுத்த வேண்டா என்று எழுதி வைத்திருப்பார்கள். அதை மதித்தவர் சிலரே. விழுந்த கழிவு தண்டவாளத்தையும் அதன் பிணைப்புகளையும் அரித்தது. இரும்பு அரிந்ததைக் காட்டிலும் கொடிது, அதைக் கையால் கூட்டி அள்ள மனிதர்களை நிறுத்தி வைத்ததாகும். நம் அண்டையிலுள்ள கோலார் தங்கவயலில் பிறந்த பெஜவாடா வில்சன் அவர்கள் இக்கொடுமையை எதிர்த்துப் போராடி, 2016இல் மகசேசே விருது பெற்றார். அவர் சார்ந்த இயக்கம் தொடுத்த வழக்கில், தண்டவாளத்தில் மனிதர் மலம் அள்ளும் நிலையைக் காலவரையறை வகுத்து ஒழிக்குமாறு 2014இல் உச்சநீதிமன்றம் இரயில்வேக்குக் கட்டளையிட்டது.

இதற்கிடையே பாதுகாப்பு ஆராய்ச்சித் துறையும் இரயில்வேயும் 2010இல் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டு உயிரிக் கழிவறையை உருவாக்கின. 2011 தொடக்கத்தில் அது வண்டியில் ஓடத் தொடங்கியது. மானாமதுரை – இராமேசுவரம் பாதையே நாட்டில் முதன்முதலாகக் கழிவு விழாத பாதையாக 2016இல் அறிவிக்கப்பட்டது என்பது தமிழர்க்குப் பெருமை. இன்று பயணிகள் வண்டிகளில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட உயிரிக் கழிவறைகள் உள்ளன.

இதன் அமைப்பு எளிது. பெட்டியின் அடியில் துருவேறா எஃகுத் தொட்டி ஒன்று தொங்குகிறது. உள்ளே தடுப்புச் சுவர்கள். அவற்றினிடையே காற்றில்லாமலே வாழும் நுண்ணுயிர்கள். அவை மலத்தைத் தின்று நீராகவும் வாயுவாகவும் மாற்றுகின்றன. எஞ்சிய நீர் குளோரின் மருந்தைக் கடந்து வெளியேறுகிறது. அந்நுண்ணுயிர்கள் மலத்தைத் தின்னும், பிளாஸ்டிக்கைத் தின்னா. துணி, புகையிலைப் பொட்டலம், தண்ணீர்ப் புட்டி, தேநீர்க் குவளை, குழந்தையின் அரையாடை ஆகியவை வளைந்த குழாயிலே சிக்கி வழியை அடைத்துவிடும்.

2017இல் வெளிவந்த தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கையைப் பாருங்கள். இருபத்தையாயிரத்துக்கும் மேற்பட்ட உயிரிக் கழிவறைகளில் ஓராண்டில் ஏறத்தாழ இரண்டு லட்சம் குறைகள் காணப்பட்டன. அவற்றில் பாதி அடைப்பு. அடைப்பு மிகுந்திருந்த பணிமனை நம் பெங்களூர்ப் பணிமனையே. அமைப்பிலும் பராமரிப்பிலும் குறை இருந்தது மெய்தான். ஆனால் புட்டியைப் போட்டது யார்?

அன்பர்களே, என் குற்றத்தையும் இவ்விடத்தில் ஒப்புக்கொள்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் உறவினர் திருமணத்துக்குச் சென்று இரவு வண்டியில் திரும்பினோம். குப்பைத் தொட்டி நிரம்பி வழிந்தது. குழந்தையின் அரையாடையை எங்கே போடுவது என்று என் தங்கை கேட்டாள். தூக்கக் கலக்கத்தில், "அங்கேயே போட்டுவிடு அம்மா, தண்ணீர் இழுத்துக்கொள்ளும்" என்றேன் நான்.

அடுத்த வாரம் அலுவல் காரணமாக வண்டிகளைப் பழுது பார்க்கும் ஓரிடத்துக்குப் போக நேர்ந்தது. பெட்டிக்கு அடியில் ஓர் இளைஞன் மல்லாந்து படுத்து, வளைந்த கம்பியைக் குழாய்க்குள் விட்டுத் துழாவிக்கொண்டிருந்தான். கம்பி எட்டவில்லை. கையுறையோடு முழங்கை வரை உள்ளே விட்டு இழுத்தான். வந்தது, ஊறிப் பருத்த ஓர் அரையாடை. கூடவே கொட்டிய நீர் அவன் தோளை நனைத்தது. "தினமும் இப்படியா தம்பி?" என்று கேட்டேன். "கம்பிக்கு எட்டலேன்னா கைதான் சார்" என்று தமிழிலே விடை சொன்னான். அது எங்கள் வீட்டு அரையாடையாக இருந்திராது. இருந்தாலும் அவன் முகத்தை என்னால் நேர்கொண்டு பார்க்க இயலவில்லை. தண்ணீர் இழுத்துக்கொள்ளவில்லை, ஒரு தாய் பெற்ற பிள்ளையின் கை இழுத்தது.

மேலைநாடுகளில் வீட்டையே வண்டியாக்கி ஊர் சுற்றுவோர் உளர். அவர்கள் தம் கழிவுத் தொட்டியைத் தாமே திறந்து காலி செய்தாக வேண்டும். ஆகையால் நிறைய நீர் ஊற்றுவதும், கரையாப் பொருளைப் போடாதிருப்பதும் அவர்களுக்குத் தாமே வந்த பழக்கம். நமக்கோ, அடைத்தவர் ஒருவர், அடைப்பெடுப்பவர் வேறொருவர். எல்லாக் கேட்டுக்கும் இதுவே வேர்.

ஆகவே நாம் செய்ய வேண்டுவன சில. பயணப் பையில் நான்கு பழைய காகிதப் பைகளை வைத்துக்கொள்ளுங்கள். அரையாடையையும் மாதவிடாய்த் துணியையும் சுற்றிக் குப்பைத் தொட்டியில் இடுங்கள். தொட்டி நிரம்பியிருந்தால் இறங்குமிடம் வரை உடன் வைத்திருங்கள். கழிவறையில் முன்னும் பின்னும் நீர் ஊற்றுங்கள். நீர் வடியத் தாமதித்தால் 139 எண்ணுக்கு உடனே தெரிவியுங்கள், மேலும் நிரப்பாதீர்கள். புதிய வண்டிகளில் காற்றின் விசையால் உறிஞ்சும் கழிவறைகள் உள்ளன. அவற்றுக்குச் சிறிதளவு நீரே போதும். ஆனால் அவற்றிலும் துணி போனால் அடைப்பே. வீட்டு மலத்தொட்டிக்கும் இதே விதி. அங்கும் நுண்ணுயிர்களே வேலை செய்கின்றன. அமிலத்தையும் பினாயிலையும் அளவின்றிக் கொட்டினால் அவை மடிந்துபோகும்.

தமிழ்ப் பண்பு என்று மேடைதோறும் பேசுகிறோம். யாரும் பாராத சிறு அறையின் கதவைத் தாழிட்டபின் நாம் நடந்துகொள்ளும் முறையிலும் அப்பண்பு விளங்கட்டும். நமக்குப் பின் அவ்வறையைத் தொடும் கை, நம் கையைப் போன்றதே.