விற்கப்போகும் வீட்டைப் படம் எடுக்கும்போது

(சங்கக் கூட்டத்தில் பேசியது)

இணையத்தில் விற்பனைக்குப் போடும் வீட்டை எப்படிப் படம் எடுப்பது என்று பேசச் சொன்னார் செயலாளர்.

முதலில் மலை. ரமணாசிரமம் பகுதியில் மலை நமக்கு வடக்கே இருக்கிறது. வடக்கு ஜன்னலுக்குத் தனி விலை. மார்கழி, தை மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால், காலை எட்டு, ஒன்பது மணிக்கு மலையின் நம் பக்கம் பளிச்சென்று விழும். ஆனால் மொட்டை மாடியில் ஏறி எடுத்துவிட்டு, "பால்கனியிலிருந்து மலை தரிசனம்" என்று போடாதீர்கள். சென்னையிலிருந்து நாலு மணி நேரம் காரில் வருபவர் முதலில் பால்கனிக்குத்தான் போவார். அங்கே எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிதான் தெரிகிறது என்றால், நீங்கள் சொல்லும் சதுர அடிக்கணக்கையும் நம்பமாட்டார். ஜன்னல் கம்பியும் சேர்ந்தே படத்தில் விழட்டும். எங்கிருந்து எடுத்தது என்பதற்கு அதுவே சாட்சி.

அறைகளுக்கு மூலையில் நின்று, போனை நெஞ்சு உயரத்தில் படுக்கைவாட்டில் பிடியுங்கள். 0.5 வைட் வேண்டாம். பத்துக்குப் பத்து அறை கல்யாண மண்டபமாகத் தெரியும். நேரில் பார்த்தவர் பேரத்தை அடிமட்டத்திலிருந்து ஆரம்பிப்பார்.

கொடித் துணி, மிக்ஸி மேல் துண்டு, இதெல்லாம் எடுத்துவிடுங்கள். பூஜை அலமாரி இருக்கட்டும், நம் ஊருக்கு வருபவர்கள் அதைத் தேடுவார்கள். வெள்ளிச் சாமானை மட்டும் உள்ளே வையுங்கள். பேரப்பிள்ளைகள் போட்டோ, வண்டி எண் படத்தில் வரக்கூடாது.

பத்திரத்தைப் படம் எடுத்து யாரும் போட்டுவிடாதீர்கள். நேரில் வந்து பிடித்தவருக்கு நகலைக் காட்டினால் போதும். ஆவண எண்ணைச் சொன்னால், வில்லங்கத்தை அவரே பதிவுத்துறை இணையதளத்தில் பார்த்துக்கொள்வார்.