உச்ச நீதிமன்றக் காலியிடம்: யாருடைய தகுதி?



இந்த நினைவுப் பேருரைக்கு நீதிபதி நியமனத்தைப் பேசுபொருளாக எடுத்ததற்குக் காரணம், மாணவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி: ஒரு தலித் நீதிபதி வந்துவிட்டால் மட்டும் என்ன மாறிவிடும்?

உச்ச நீதிமன்றத்தில் ஓர் இடம் காலியானால், இந்த முறை எந்த உயர் நீதிமன்றத்துக்கு வாய்ப்பு, யாருக்குப் பணிமூப்பு என்று நாளிதழ்கள் எழுதும். எந்த உயர் நீதிமன்றத்துக்குப் பிரதிநிதித்துவம் இல்லை என்பதைக் கொலீஜியமும் பார்க்கும்; தீர்மானத்திலேயே எழுதும். அரசமைப்புச் சட்டத்தில் மாநிலவாரிப் பங்கு என்று ஒரு வரிகூடக் கிடையாது. ஆனாலும் அது தகுதிக்கு இழுக்கு என்று யாரும் சொல்வதில்லை. சாதியைப் பேசினால்தான் தகுதி குறுக்கே வந்து நிற்கும்.

1950இல் தொடங்கிய நீதிமன்றத்துக்கு முதல் தலித் நீதிபதி வர 1980 டிசம்பர் ஆனது. சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போன ஏ. வரதராஜன் அவர். 1997இல் கே. ராமசாமி ஓய்வுபெற்றபின் ஒருவரும் இல்லை. அந்த நிலையில்தான் 1998இல் நியமனக் கோப்பு குடியரசுத் தலைவர் கே.ஆர். நாராயணனிடம் வந்தது. பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் பெண்களையும் உரியபடி கருத வேண்டும் என்று கோப்பிலேயே குறிப்பெழுதினார். அவர் இடஒதுக்கீடு கேட்கவில்லை, கவனிக்கச் சொன்னார், அவ்வளவுதான். தகுதி மட்டுமே அளவுகோல் என்று தலைமை நீதிபதி ஆனந்திடமிருந்து பதில் வந்தது.

2000இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் வந்தார், தலைமை நீதிபதியும் ஆனார். 2010இல் அவர் ஓய்வுபெற்றதும் ஒன்பது ஆண்டுகள் மறுபடி யாரும் இல்லை. 2019இல் பி.ஆர். கவாயைப் பரிந்துரைத்தபோது, ஏறக்குறைய பத்தாண்டுக்குப் பின் பட்டியல் சாதி நீதிபதி ஒருவர் அமர்வார் என்று கொலீஜியமே எழுதியது. ஆக, கணக்கு அவர்களுக்கும் தெரிந்தே இருந்திருக்கிறது.

சட்ட மாணவர்கள் வயதையும் கவனியுங்கள். ஓய்வு வயது 65. தலைமை நீதிபதி பதவி பணிமூப்பில் வருவது. எனவே ஒருவரை எந்த வயதில் உள்ளே விடுகிறார்கள் என்பதிலேயே பாதி முடிவாகிவிடுகிறது. வரதராஜன் போனபோது அவருக்கு வயது 60. ஐந்து ஆண்டுகூட முழுதாகக் கிடைக்கவில்லை. இந்தத் தாமதம் உயர் நீதிமன்றத்திலேயே தொடங்குகிறது. 2018 முதல் அங்கே நியமிக்கப்பட்டவர்களைப் பற்றிச் சட்ட அமைச்சகம் நாடாளுமன்றத்தில் வைத்த கணக்குகளில், நூற்றுக்கு ஐந்து பேர்கூடப் பட்டியல் சாதியினர் இல்லை.

அரசு கொண்டுவந்த நியமன ஆணையத்தை 2015இல் நீதிமன்றம் ரத்து செய்தது. நியமனம் ஆட்சியாளர் கைக்குப் போகாமல் தப்பியது நல்லதே. ஆனால் ஆணைய உறுப்பினரில் ஒருவர் பட்டியல் சாதி, பழங்குடி, பிற்பட்டோர், சிறுபான்மையினர் அல்லது பெண்களிலிருந்து வர வேண்டும் என்ற விதியும் அதோடு போயிற்று. அதற்கு மாற்றாக எதையும் யாரும் வைக்கவில்லை.

இனி மாணவர்களின் கேள்வி. 2024 ஆகஸ்டில், பட்டியல் சாதிகளுக்குள் உள்ஒதுக்கீடு செல்லும் என்று ஏழு நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. அந்த ஏழு பேரில் தலித் கவாய் ஒருவரே. பட்டியல் சாதியினரிலும் கிரீமி லேயரை அடையாளம் காண வேண்டும் என்று அவர் எழுதினார். எனக்கு அதில் உடன்பாடில்லை. உடனே நம்மில் சிலர் அவரைத் துரோகி என்றார்கள், சிலர் அவரே நம் குரல் என்றார்கள். மற்ற ஆறு பேரிடம் எந்தச் சாதியின் குரல் என்று யாராவது கேட்டார்களா? அங்கே நம்மவர் நான்கு பேர் இருந்திருந்தால் இரண்டு பேராவது அவரை மறுத்து எழுதியிருக்கக்கூடும்.