பெயர் மறந்த கரண்டிகள்



வெள்ளியாலான ஒரு சிறு கரண்டியை மனக்கண்முன் நிறுத்திக்கொள்ளுமாறு உங்களை முதலில் வேண்டிக்கொள்கிறேன். அளவில் அது தேக்கரண்டிதான். ஆயினும் அதன் குழி முழுவதும் சல்லடைபோல் துளைக்கப்பட்டிருக்கும். காம்போ, மற்றக் கரண்டிகளின் காம்பைப்போல நுனியில் அகன்று விரியாமல், போகப்போக மெலிந்து, முடிவில் அம்பின் தலைபோன்ற ஒரு கூர்மையில் சென்று நிற்கும். 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் தட்டார்கள் இதனை ஏராளமாகச் செய்தார்கள். எதற்காக? துளையுள்ள கரண்டியால் எதையும் மொண்டு குடிக்க முடியாது. கூர்முனையைப் பிடிப்பதோ கைக்குச் சுகமன்று.

இத்தகைய விசித்திரப் பொருள் கிடைத்தவுடன், அதைத் திருப்பி முத்திரையைத் தேடுவதே எல்லோருக்கும் இயல்பு. ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி என்பதற்கு நடக்கும் சிங்கம், மாற்றுப் பார்த்த ஊரைக் காட்ட, லண்டனுக்குச் சிறுத்தையின் தலை, பர்மிங்ஹாமுக்கு நங்கூரம், எடின்பரோவுக்குக் கோட்டை, ஆண்டுக்கோர் எழுத்து, செய்தவனின் பெயரெழுத்து, 1784 முதல் 1890 வரை, வரி செலுத்தியதற்கு அத்தாட்சியாக, அரசர் அல்லது அரசியின் தலை. கச்சேரிக் கணக்குப்போல் ஒழுங்கான இந்தச் சாட்சிகளெல்லாம் எங்கே, எப்போது, யார் என்ற மூன்று வினாக்களுக்கு விடை சொல்லுமேயன்றி, எதற்கு என்ற நான்காவதற்கு வாய் திறப்பதில்லை. சிறு உருப்படியாதலால், நம் கரண்டியில் பெரும்பாலும் சிங்கமும் தட்டாரின் முத்திரையும் மட்டுமே இருக்கும்.

விடை தேநீரில் இருக்கிறது. கோப்பையில் மிதக்கும் இலைத்துணுக்குகளை அரித்தெடுக்கத் துளையிட்ட குழி. கெண்டியின் மூக்கு வயிற்றோடு சேருமிடத்திலுள்ள கண்களில் இலை அடைத்துக்கொண்டால், உள்ளே விட்டுக் குத்தி நீக்க அந்தக் கூர்முனை. ஆங்கிலத்தில் இதற்கு மோட் ஸ்பூன் என்று பெயர். ‘மோட்’ என்னும் அச்சொல்லைத்தான் விவிலியத்தைத் தமிழாக்கியவர்கள் துரும்பு என்றார்கள். அந்நூற்றாண்டின் இறுதியில் வடிகட்டி பரவ, துரும்புக் கரண்டி வழக்கொழிந்தது. ஒலிவக் காயைக் குத்தியெடுக்கும் கருவி இது என்று பிற்காலத்துச் சேகரிப்பாளர் சிலர் நினைக்கும் அளவுக்கு அதன் பிரயோஜனம் மறந்தும் போயிற்று.

ஆகவே, உணவை அறியாதவன் கரண்டியை அறியான் என்பதே என் கட்சி. இரு முனையிலும் வாய்க்கால்போல் குடைந்து, ஒன்று அகலமாயும் மற்றொன்று ஒடுக்கமாயும் அமைந்த நீண்ட வெள்ளித் தண்டைக் கண்டு திகைப்பவர் பலர். நல்லி எலும்பைத் தட்டி உறிஞ்சுவதில் கூச்சமில்லாத நம்மவர்க்கோ, எலும்பின் துவாரத்துக்கேற்ப முனையைத் தேர்ந்து உள்ளிருப்பதை வழித்தெடுக்கும் சாதனம் அது என்பதை விளக்கவே வேண்டியதில்லை.

உணவுக்கு அடுத்த சாட்சி, மேஜையின் வழக்கம். பழைய மேஜைக்கரண்டிகள் சிலவற்றில் குடும்பச் சின்னம் காம்பின் பின்புறத்தில் வெட்டப்பட்டிருப்பதைக் கண்டு, தட்டார் தவறிவிட்டார் என எண்ணலாகாது. அக்காலத்தில் குழி கவிழ்ந்திருக்கும்படியே கரண்டியை வைத்தார்கள். ஆதலால் விருந்தினர் கண்ணில் படுவது முதுகுதான். 1760ஐ ஒட்டி, காம்பின் நுனி கீழ்நோக்கி வளையும் பாணி வந்து கரண்டியும் நிமிர்ந்தபின், சின்னமும் முன்புறத்துக்குக் குடியேறிற்று. குழியின் முனை இடப்பக்கமாகத் தேய்ந்திருந்தால், வலக்கைகள் பல தலைமுறையாகத் தட்டைச் சுரண்டியிருக்கின்றன என்று கொள்க. கள்ளன் எளிதில் போலி செய்ய முடியாத முத்திரை அதுவே.

அமெரிக்கரின் கதை வேறு. நெவாடாவின் சுரங்கங்களில் வெள்ளி பெருகிய காலத்தை அடுத்து, மத்தி மீனுக்கொரு முள்கரண்டி, ஐஸ்கிரீமுக்கொன்று, ஆமைக்கறிக்கொன்று என்று அங்கே வகைகள் பல்கிப் பெருகின; டௌல் என்னும் வெள்ளிப்பொருள் நிறுவனத்தார் 1898இல் வெளியிட்ட ஒரே பாணியில் 131 வகை உருப்படிகள் இருந்தன. 1925இல், வர்த்தக அமைச்சராயிருந்த ஹெர்பர்ட் ஹூவர், ஒரு பாணிக்கு 55க்கு மேல் வேண்டாமென்று சிபாரிசு செய்யும்படி ஆயிற்று. என் அபிப்பிராயத்தில் ஐம்பத்தைந்தும் அதிகமே.

இவ்வளவு உபதேசிக்கும் நானும் ஏமாந்தவன்தான். துரும்புக் கரண்டியென்று ஒரு கடைக்காரர் தந்ததை, நல்ல விலை கொடுத்து, ஆசையோடு வாங்கி வந்தேன். இரவு விளக்கடியில் துளைகளின் மேல் விரலை ஓட்டியபோது, விளிம்புகள் ரம்பம்போல் உறுத்தின. இருநூறாண்டுத் துடைப்புக்கு ஆளான விளிம்பு அவ்வாறு உறுத்தாது. காம்பின்மேல் வாயால் ஆவி ஊதினேன். பனிபோல் படர்ந்த மங்கலில், நடுவே குறுக்காக ஒரு கோடு தெளிந்து மறைந்தது. பொடி வைத்து ஊதிய பற்று அது. சாதாரணத் தேக்கரண்டி ஒன்றின் காம்பை வெட்டி, வேறொரு கூர்முனையை ஒட்டி, குழியையும் அண்மையில்தான் துளைத்திருக்கிறார்கள்.

உப்பு வெள்ளியைத் தின்னும் என்று எத்தனை முறை சொல்லியும் கேளாமல், என் மனைவி இப்போது அதை ஊறுகாய் ஜாடியில் போட்டிருக்கிறாள். மாவடுவைக் குத்தியெடுக்கவும் நீரை வடிக்கவும் அதைப்போல் வேறொன்றில்லை என்பது அவள் வாதம். குழியில் உப்பு அரித்த கரும்புள்ளிகள் தென்படத் தொடங்கிவிட்டன. நூறாண்டுகளுக்குப்பின் இதே மேடையில் பேச வருபவர், அப்புள்ளிகளை ஆதாரமாகக் கொண்டு அதற்கு மாவடுக் கரண்டி என்று பெயரிட்டால், மறுக்க என்னிடம் நியாயம் ஏதுமில்லை.