தோட்ட வாசலில் நிற்கும் இணையம்

(காஜாங்கில் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களிடையே தகவல் அதிகாரி நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

காஜாங் என்றதும் வெளியூரார் சாத்தேயை நினைப்பர். நாமோ ரப்பரை நினைக்க வேண்டும். இந்நாட்டில் முதன்முதலாக ரப்பர் பயிரிட்ட தோட்டங்களுள் ஒன்றான இன்ச் கென்னத் தோட்டம் இந்தக் காஜாங்கில்தான் 1890களில் உருவாயிற்று. இங்கிருந்து சிறிது தொலைவில் நம்மவர் பல தலைமுறைகளாகப் பால்மரம் சீவிய பிராங் பெசார் தோட்டம் இருந்த இடத்தில் இன்று புத்ராஜெயா நிற்கிறது. அதை அடுத்துள்ள சைபர்ஜெயாவில், 1996இல் அறிவிக்கப்பட்ட பல்லூடகப் பெருவழித் திட்டத்தின் பயனாகக் கணினி நிறுவனங்கள் எழுந்தன. நாட்டின் இணையச் சேவையைக் கண்காணிக்கும் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்தின் தலைமையகமும் அங்கேதான் உள்ளது.

நம் முன்னோரின் வியர்வை சிந்திய மண்ணிலிருந்தே நாடு முழுவதற்கும் இணையம் நெறிப்படுத்தப்படுகிறது. அந்த இணையம் தோட்டத்தில் எஞ்சியிருக்கும் நமது லயத்து வீடுகளுக்குள் வந்து சேர்ந்துவிட்டதா? இதைப் பற்றியே இன்று உங்களோடு பேச விழைகிறோம்.

முதலில், அகண்ட அலைவரிசை என்பது யாது? தோட்டத்து ஒற்றையடிப் பாதையில் ஒருவர் பின் ஒருவராகத்தான் பால் வாளி சுமந்து வர முடியும். அதே இடத்தில் அகலமான சாலை அமைந்தால் லாரியே வந்து பாலை ஏற்றிச் செல்லும். செய்திகள் செல்லும் பாதையை இவ்வாறு அகலப்படுத்துவதே அகண்ட அலைவரிசையாகும். தலைமயிரைப் போன்று மெல்லிய கண்ணாடி இழையின் வழியே ஒளியாகச் செய்தியை அனுப்புவது ஒரு முறை. கோபுரத்திலிருந்து வானொலி அலையாகக் கைப்பேசிக்கு அனுப்புவது மற்றொரு முறை. குன்றும் அடர்ந்த மரங்களும் அலையை வலுவிழக்கச் செய்யும். ரப்பர் தோட்டத்தில் இவ்விரண்டுக்கும் குறைவில்லை என்பதை நீங்கள் அறிவீர்கள்.

'பால்மரம் சீவுபவனுக்கு இணையம் எதற்கு?' என்று கேட்போர் இன்றும் உண்டு. ஊழியர் சேமநிதியில் முதலாளி நம் பங்கை முறையாகச் செலுத்தியுள்ளாரா என்பதை இன்று கைப்பேசியிலேயே பார்த்துக்கொள்ளலாம். அரசாங்க உதவித் தொகைக்கு மனுச் செய்வதும், வங்கியில் சேர்ந்த சம்பளத்தைச் சரிபார்ப்பதும் இணையத்தின் வழியே நடைபெறுகின்றன. இவை அனைத்தினும் மேலானது நம் பிள்ளைகளின் கல்வியாகும்.

2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. பள்ளிகள் மூடப்பட்டன, பாடங்கள் இணையத்திற்கு மாறின. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் சபா மாநிலத்தின் பித்தாஸ் மாவட்டத்தில் ஒரு மாணவி, அலை கிடைக்கவேண்டி மரத்தின் மீது ஏறி இரவைக் கழித்து, அங்கிருந்தே தேர்வு எழுதிய செய்தி நாடெங்கும் பரவியது.

சபா வரை போக வேண்டியதில்லை. அக்காலத்தில் நாம் கண்ட ஒரு தோட்டத்தின் பெயரை இங்குக் கூறுவது முறையன்று. விடியற்காலையில் மரம் சீவச் சென்று திரும்பிய தந்தை ஒருவர், மாலையில் இடைநிலைப்பள்ளியில் பயிலும் மகளை அழைத்துக்கொண்டு, அலை கிடைக்கும் குன்றின் மீது ஏறுவார். மகள் பாடக் குறிப்புகளைப் பதிவிறக்கம் செய்யும் வரை டார்ச் விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பார். மழை பெய்தால் அன்றைய பாடம் இல்லை. 'நான் வேலைக்குப் போகாத நாளுக்குச் சம்பளம் இல்லை. பிள்ளைக்கு அலை இல்லாத நாளுக்குப் படிப்பு இல்லை' என்று அவர் கூறியது இன்னும் நம் செவியில் ஒலிக்கிறது. ஆசிரியர் பயிற்சி பெற்ற நமக்கு அன்று தலை நிமிர்ந்து மறுமொழி கூற இயலவில்லை.

இனி, அரசாங்கம் செய்துள்ளவற்றைப் பார்ப்போம். 1998ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டம் அனைவருக்கும் சேவை என்னும் நிதிக்கு வழி வகுத்தது. உரிமம் பெற்ற நிறுவனங்கள் தங்கள் நிகர வருமானத்தைக் கணக்கிட்டு அதில் 6 விழுக்காட்டை இந்நிதிக்குச் செலுத்துகின்றன. இலாபம் குறைந்த உட்புறப் பகுதிகளில் கோபுரம் எழுப்ப இப்பணம் பயன்படுகிறது. 2008இல் அரசாங்கமும் டெலிகோம் மலேசியாவும் 1,130 கோடி வெள்ளி மதிப்புள்ள அதிவேக இணையத் திட்டத்தில் கையொப்பமிட்டன. அதில் அரசாங்கத்தின் பங்கு 240 கோடி வெள்ளியாகும். 2010இல் அச்சேவை தொடங்கியபோது பங்சார், சுபாங் ஜெயா, ஷா ஆலாம் போன்ற நகர்ப்புறங்களே முதலில் பயனடைந்தன.

2020 ஆகஸ்டு மாதத்தில் ஜெண்டேலா திட்டம் அறிவிக்கப்பட்டது. மலாய் மொழியில் அதன் பொருள் ஜன்னல். மலாய் 'ஜெண்டேலா'வும் தமிழ் 'ஜன்னலு'ம் ஒரே போர்த்துகீசியச் சொல்லிலிருந்து பிறந்தவை என்பது மாணவர்கள் அறிந்து மகிழத்தக்க செய்தி. இத்திட்டத்தின் முதற் கட்டம் 2022 இறுதியில் முடிவுற்றபோது, ஒளியிழை எட்டக்கூடிய கட்டடங்கள் ஏறத்தாழ 50 இலட்சத்திலிருந்து 77 இலட்சத்து 40 ஆயிரமாக உயர்ந்திருந்தன. மக்கள் வாழும் பகுதிகளில் நான்காம் தலைமுறை அலைவரிசை 96.92 விழுக்காட்டை எட்டியது. இது சிறிய சாதனையன்று.

ஆயினும், எஞ்சிய மூன்று விழுக்காட்டில் வாழ்பவனுக்கு அது நூறு விழுக்காட்டு இழப்பாகும். வரைபடத்தில் அலை இருப்பதாகக் காட்டும் இடத்திலும் லயத்தின் உள்ளே அது இல்லாமற் போவதுண்டு. இதற்குக் காரணம் என்ன? தோட்டம் தனியார் நிலம். பொதுச் சாலை வரை வந்த இழை தோட்டத்திற்குள் நுழையவும், குன்றின் மீது கோபுரம் எழும்பவும் நிலவுடைமையாளரின் இணக்கம் தேவைப்படுகிறது. வீடுகள் சிலவாகவும் தொலைவு பலவாகவும் இருப்பதால் நிறுவனங்களும் தாமாக முன்வரத் தயங்குகின்றன. ஆக, கொள்கை தோட்ட வாசல் வரை வந்து நிற்கிறது. வாசலிலிருந்து வீடு வரையிலான தூரமே இன்று நாம் கடக்க வேண்டிய தூரமாகும்.

இது நமக்கு மட்டும் உரிய இடர்ப்பாடு அன்று. இந்தியாவில் இரண்டரை இலட்சம் ஊராட்சிகளுக்கு ஒளியிழை கொண்டுசெல்லும் பாரத்நெட் திட்டம் 2011இல் ஒப்புதல் பெற்றது. அங்கும் பல ஊர்களில் இழை ஊராட்சி அலுவலகம் வரை வந்து, வீடுகளுக்குச் செல்லாமல் நின்றது. பெரிய நாடாயினும் சிறிய தோட்டமாயினும் கடைசிப் படியே கடினமான படியாகும்.

தோட்ட வீடுகளுக்குத் தண்ணீரும் மின்சாரமும் தாமாக வந்துவிடவில்லை. நம் பெற்றோர் கேட்டனர், சங்கம் கேட்டது, 1990ஆம் ஆண்டுத் தொழிலாளர் குடியிருப்புச் சட்டம் அவற்றை முதலாளியின் கடமையாக்கியது. இணையம் இன்னும் அப்பட்டியலில் இடம்பெறவில்லை. ஆதலின் நாம் கேட்டுப் பெற வேண்டியவர்களாகவே இருக்கிறோம்.

எவ்வாறு கேட்பது? முதலாவதாக, ஜெண்டேலா வரைபடத்தில் உங்கள் தோட்டத்தின் நிலையைப் பாருங்கள். இளைஞர்கள் இதனைச் செய்து கொடுக்கலாம். இரண்டாவதாக, எந்த லயத்தில், எந்த நேரத்தில், எந்த நிறுவனத்தின் அலை கிடைக்கவில்லை என்பதை ஒரு வாரம் ஏட்டில் குறித்து வையுங்கள். 'லைன் இல்லை' என்ற பொதுப் புகாரைவிடக் குறிப்பேடு வலிமை மிக்கது. மூன்றாவதாக, குடும்பத் தலைவர்கள் அனைவரும் கையொப்பமிட்டுத் தோட்ட நிர்வாகத்திற்கு ஒரு கடிதமும், ஆணையத்திற்கு ஒரு புகாரும் அனுப்புங்கள். நகலைப் பத்திரப்படுத்துங்கள். நான்காவதாக, உங்கள் கைப்பேசியையும் சோதியுங்கள். மூன்றாம் தலைமுறை அலைவரிசை 2021 இறுதியில் நிறுத்தப்பட்டது. பழைய கருவி வைத்திருப்போர்க்குக் கோபுரம் அருகில் இருந்தும் பயனில்லை.

முன்னர்க் கூறிய தந்தையும் அவ்வாறே ஏனைய குடும்பங்களைத் திரட்டிக் கையொப்பம் பெற்றார். நிர்வாகி அவர்களை அழைத்துப் பேசினார். கோபுரத்திற்கு இடம் தர இசைந்தார். அது எழும்ப நாளாயிற்று. மகள் அதற்குள் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டாள். அவளுடைய தம்பி இன்று வீட்டிலிருந்தே பாடம் படிக்கிறான்.

கோபுரம் வரும் வரை காத்திருக்கவும் வேண்டாம். 'நாடி' என்னும் சமூக இணைய நிலையங்கள் நாடெங்கும் ஆயிரத்துக்கு மேல் உள்ளன. கணினியும் பயிற்சியும் அங்குக் கிடைக்கும். விடுமுறை நாளில் பிள்ளைகளை அங்கு அழைத்துச் செல்லுங்கள். பாதை அகலமானால் திருடனும் அதே பாதையில் வருவான் என்பதையும் மறந்துவிடலாகாது. வங்கிக் கடவு எண்ணை எவர் கேட்டாலும் கூறாதீர்கள். ஏமாற்றப்பட்டுவிட்டால் வெட்கப்படாமல் உடனே 997 என்ற எண்ணை அழையுங்கள்.

தோட்ட நிர்வாகிகளுக்கும் ஒரு சொல். கோபுரத்திற்கு நீங்கள் விட்டுக்கொடுப்பது சில மரங்கள் நிற்கும் இடமே. அதனால் ஒரு தலைமுறை கல்வி பெறும்.

அன்பர்களே! உளி பிடித்த கைகள் நாட்டின் செல்வத்தை வளர்த்தன. அக்கைகள் இன்று ஒரு விண்ணப்பத்தில் ஒன்றாகக் கையொப்பமிடட்டும். வாசலில் நிற்கும் இணையத்தை வீட்டிற்குள் அழைப்போம்.