காற்றின் கண்ணில் படாத பயணம்



தோல் சீவிய ஆப்பிள் துண்டைத் தட்டில் வைத்தால், சற்று நேரத்தில் பழுப்பேறிவிடும். அதை மட்டும் பார்த்த ஒருவர், ஆப்பிளின் உட்புறமே பழுப்பு நிறம் என்று எழுதிவைத்தால் எப்படியிருக்கும்? மின்கல ஆராய்ச்சியாளர்கள் அஞ்சுவதும் இந்தத் தவறுக்குத்தான்.

கைத்தொலைபேசியிலும் மின்சாரக் காரிலும் உள்ள லித்தியம் அயனி மின்கலத்தில், முதன்முதலாக மின்னேற்றும்போதே எதிர்முனையின் மேல் மெல்லிய படலம் ஒன்று உருவாகிறது. அதன் தடிமன் சில நானோமீட்டரிலிருந்து சில பத்து நானோமீட்டர்தான். தலைமுடி ஒன்றின் பருமனோ ஏறக்குறைய 80,000 நானோமீட்டர்! மின்கலத்தின் ஆயுளும் பாதுகாப்பும் பெருமளவு இந்தப் படலத்தையே நம்பியிருக்கின்றன.

அதை ஆராய உதவும் முறைகளுள் ஒன்று எக்ஸ்பிஎஸ். எக்ஸ் கதிர் பட்டதும் பொருளிலிருந்து எலக்ட்ரான்கள் வெளியேறும். அவற்றின் ஆற்றலை அளந்தால், மேற்பரப்பில் எந்தத் தனிமம் எந்தச் சேர்க்கையில் இருக்கிறது என்பது தெரியும். இம்முறையை வளர்த்தெடுத்த சுவீடன் விஞ்ஞானி காய் சீக்பான், 1981-இல் இயற்பியல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்.

ஆனால், இக்கருவி பார்ப்பது மேலேயுள்ள சுமார் 10 நானோமீட்டரை மட்டுமே. லித்தியம் காற்றிலுள்ள ஈரம், பிராணவாயு, கரியமிலவாயு ஆகியவற்றோடு சேரும், நைட்ரஜனைக்கூட விட்டுவைக்காது. அதனால் மாதிரியை ஆர்கான் வாயு நிரம்பிய கையுறைப் பெட்டிக்குள் வைத்துத்தான் பிரிக்கிறார்கள்.

சிக்கல் அடுத்த கட்டத்தில் வருகிறது. பெட்டி ஓர் அறையில், கருவி வேறோர் அறையில். இடையில் இரண்டே நிமிடம் காற்றுப் பட்டாலும் லித்தியம் கார்பனேட் தோன்றக்கூடும். அதே கார்பனேட் மின்கலத்துக்குள்ளும் உண்டாகலாம். அப்படியானால் கருவி காட்டுவது மின்கலத்தின் குறையா, நடைவழியின் குறையா? யார் பிரித்துச் சொல்வது?

இதற்காகவே மாற்றுக்கலம் இருக்கிறது. மாதிரியைப் பெட்டிக்குள்ளேயே கலத்தில் வைத்து இறுக மூடுவார்கள். கலத்தைக் கருவியின் நுழைவறையில் பொருத்தி, அங்கிருக்கும் காற்றை முழுதும் உறிஞ்சிய பின்னரே மூடி திறக்கப்படும். மாதிரி ஒரு கணமும் வெளிக்காற்றைக் காண்பதில்லை.

கலம் இருந்தால் மட்டும் போதுமா? போதாது. ரப்பர் வளையத்தில் ஒரு தூசி இருந்தாலும் காற்று கசியும். கையுறைப் பெட்டியின் ஆர்கானில் 10 லட்சத்தில் 1 பங்கு ஈரம் இருந்தாலும், அது மேற்பரப்பைத் தொட்டுக்கொண்டேதான் இருக்கும். எனவே தாமதம் கூடாது. அனுபவசாலிகள் இன்னொன்றும் செய்வார்கள்: புதிதாகச் சுரண்டிய லித்தியத் துண்டு ஒன்றை அதே கலத்தில், அதே வழியில் அனுப்பிப் பார்ப்பார்கள். அதில் பிராணவாயுவின் அடையாளம் பெரிதாகத் தெரிந்தால், பயணத்தின்மீதே சந்தேகம் விழும்.

நேயர்களே, தவறான படலத்தை நம்பினால் ஆய்வாளர் தவறான மருந்தைத் தேடுவார். ஆண்டுகளும் பணமும் வீணாகும். விலையுயர்ந்த கருவி பொய் சொல்வதில்லை, கொடுத்ததைத்தான் அளக்கிறது. உண்மையை அதனிடம் பத்திரமாகக் கொண்டு சேர்ப்பது மனிதரின் பொறுப்பு.