பழைய லாரியில் பெட்ரோல் வழிதல்

(திண்டுக்கல் நாகல் நகர் வட்டாரக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கான பிரசங்கம்)



லாரி வைத்து நடத்தும் சங்கத்தில் பெட்ரோல் செலவு காரணம் தெரியாமல் ஏறினால், முதலில் டிரைவர்மேல்தான் சந்தேகம் விழுகிறது. பஞ்சாயத்தார் கூடிப் பேசுகிறார்கள். பெட்ரோல் திருட்டுப் போகிறது என்கிறார் ஒருவர். வண்டியை விற்றுவிடலாம் என்கிறார் மற்றொருவர். எஞ்சின் மூடியைத் திறந்து பார்க்கலாமே என்று சொல்பவர் கடைசியில்தான் வருகிறார். பழைய பெட்ரோல் லாரியில் கார்புரேட்டர் நிரம்பி வழிந்தாலும் கணக்கு இப்படியேதான் ஏறும். ஆனால் இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. திருட்டு எஞ்சினுக்குள் அடையாளம் வைத்துப் போவதில்லை. வழிதல் பல அடையாளங்களை வைத்துப் போகிறது.

இன்று ரோட்டில் ஓடும் லாரிகளில் பெரும்பாலானவை டீசல் வண்டிகள். அவற்றில் கார்புரேட்டரே கிடையாது. 1954-ல் டாட்டா நிறுவனத்தார் மெர்ஸிடிஸ் பென்ஸ் கம்பெனியுடன் சேர்ந்து டீசல் லாரிகளை வெளியிடத் தொடங்குவதற்கு முன் நிலைமை வேறு. செவர்லே, ஃபோர்டு, டாட்ஜ், பெட்ஃபோர்டு முதலிய பெட்ரோல் லாரிகளும், 1945-ல் யுத்தம் முடிந்தபின் ராணுவத்தார் கழித்து விற்ற லாரிகளும் அக்காலத்தில் பெரும்பாலும் சுமை ஏற்றின. யுத்த காலத்தில் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தபோது பஸ்கள் கரி வாயுவில் ஓடின, மதுரை டி.வி.எஸ். நிறுவனத்தார் அதற்கான சாதனங்களைச் செய்து கொடுத்தார்கள். அந்தத் தலைமுறை வண்டிகளில் சில இன்னும் கொட்டகைகளில் இருக்கின்றன. லாரி இல்லாத அங்கத்தினரும் இதைக் கேட்பதில் பயன் உண்டு. நெசவாளர் பாவும் சேலைக் கட்டும் ஏற்றிச் செல்லும் பழைய மொபெட்டிலும் இதே உறுப்புத்தான் இருக்கிறது. 2020-ல் புதிய புகை விதிகள் வந்த பிறகே புதிய இருசக்கர வண்டிகளிலிருந்து அது பெரும்பாலும் நீங்கியது.

கார்புரேட்டரின் பக்கத்தில் ஒரு சிறு கிண்ணம் உண்டு. பம்ப் அனுப்பும் பெட்ரோல் அதில் வந்து நிற்கும். கிண்ணத்தினுள் ஒரு மிதவை. மிதவை உயர்ந்தால் அது ஓர் ஊசியை மேலே தள்ளி, பெட்ரோல் வரும் துவாரத்தை அடைக்கும். பாத்தி நிறைந்ததும் மண்வெட்டியால் மடையை அடைக்கிறோமே, அதே வேலைதான். மடை சரியாக அடைபடாவிட்டால் பாத்தி வழிவது போல, ஊசி சரியாக உட்காராவிட்டால் கிண்ணம் வழிந்து, மிகுந்த பெட்ரோல் எஞ்சினுக்குள் இறங்குகிறது.

அடையாளங்களைப் பார்ப்போம். புகைபோக்கியில் கறும்புகை வரும். வண்டி நிற்கும் இடத்தில் பெட்ரோல் நாற்றம் அடிக்கும். சூடான எஞ்சின் மறுபடி கிளம்ப மறுக்கும். பிளக்குகளைக் கழற்றினால் கரி பிடித்து ஈரமாக இருக்கும். முக்கியமான அடையாளம் எண்ணெய்க் குச்சியில் இருக்கிறது. ஓடும் எஞ்சினில் எண்ணெய் குறையவே வேண்டும். ஏறினால் பெட்ரோல் கலந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குச்சியை முகர்ந்தாலே தெரிந்துவிடும். பிளக்குகள் சுத்தமாயிருந்து எண்ணெய் மட்டும் ஏறியிருந்தால், குற்றவாளி கார்புரேட்டர் அல்ல. பம்ப்பின் உள்ளே உள்ள சவ்வு கிழிந்து, பெட்ரோல் நேரே எண்ணெய்த் தொட்டியில் இறங்குகிறது. பிளக்கும் எண்ணெயும் இரண்டும் சரியாயிருந்தால், டாங்கிலிருந்து பம்ப் வரையுள்ள குழாயில் கசிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதுவும் இல்லையென்றான பிறகே மற்றப் பேச்சு.

கை வைக்கும் முன் ஒரு வார்த்தை. திண்டுக்கல் சுருட்டுக்குப் பெயர்போன ஊர்தான். ஆனால் பெட்ரோல் வழியும் வண்டியருகே சுருட்டும் பீடியும் கூடவே கூடாது. எஞ்சின் ஆறட்டும். பாட்டரி இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். ஒரு வாளி மணல் அருகில் இருக்க வேண்டும். பெட்ரோல் தீயின்மேல் தண்ணீர் ஊற்றினால் தீ பரவும். உள்ளே பார்க்கத் தீக்குச்சி கிழித்தவர்கள் உண்டு. பகல் வெளிச்சத்தில் பார்ப்பதே சரி.

முதலில் சோக் வால்வைப் பார்க்க வேண்டும். காலையில் இழுத்த சோக் கம்பி திரும்பாமல் சிக்கியிருந்தால் நாள் முழுதும் கறும்புகைதான். அடைபட்ட காற்று வடிகட்டியும் அதே தொல்லையைத் தரும். பிறகு வடிகட்டியை எடுத்துவிட்டு, எஞ்சின் ஓடாத நிலையில், பம்ப்பின் கைப்பிடியைச் சில தரம் அடித்து, கார்புரேட்டரின் தொண்டைக்குள் பார்க்க வேண்டும். நடுக்குழலிலிருந்து பெட்ரோல் சொட்டினால் ஊசி அடைக்கவில்லை என்பது நிச்சயம். இந்தச் சோதனை காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது செய்யத் தக்கது. சிறுமலைக்குப் பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி நிறுத்திய வண்டியில், சூட்டினால் கிண்ணத்துப் பெட்ரோல் கொதித்துச் சிறிது நேரம் சொட்டுவது உண்டு. அதைப் பழுதென்று எண்ணி மெக்கானிக்குக்குக் கூலி கொடுக்க வேண்டியதில்லை. (அந்த மலைத் தோட்டங்களிலிருந்து இன்றும் குதிரைகள் சுமை கொண்டு வருகின்றன. குதிரைக்குத் தானியத் தீனியை அளந்து வைக்க வேண்டும்; கிடைத்தால் அளவு மீறித் தின்றுவிடும். லாரிக்கு அந்த அளவை ஊசிதான் வைக்க வேண்டும்.)

ஊசி அடைக்காததற்குப் பெரும்பாலும் மூன்று காரணங்கள். தூசியோ துருவோ ஊசிக்கும் அதன் ஆசனத்திற்கும் நடுவே மாட்டிக்கொள்வது முதலாவது. கிண்ணத்தின் பக்கத்தை ஸ்க்ரூ டிரைவரின் மரப்பிடியால் மெல்லத் தட்டினால் சில சமயம் தூசி விலகி வழிதல் நின்றுவிடும். வழியில் நின்ற வண்டியை ஊர் சேர்க்க இது உதவும். தினசரி வழக்கமானால் டாங்கைக் கழுவ வேண்டிய காலம் வந்துவிட்டது.

இரண்டாவது, ஊசியின் தேய்மானம். ஊசி முனையில் வளையம் போன்ற கோடு விழுந்திருந்தால் அதைத் தேய்த்துச் சரிசெய்ய முயல்வது வீண். ஊசியையும் ஆசனத்தையும் ஜோடியாகவே மாற்ற வேண்டும். ஆசனத்தின் கீழுள்ள வாஷரை மறக்கக் கூடாது.

மூன்றாவது, மிதவை. பித்தளை மிதவையைக் காதருகே குலுக்கினால் உள்ளே பெட்ரோல் அலம்பும் சத்தம் கேட்கும். சந்தேகமானால் சுடுதண்ணீரில் அமிழ்த்திப் பார்க்கலாம். ஓட்டையிருக்கும் இடத்தில் குமிழி கிளம்பும். ஈயம் பற்றவைப்பதற்கு முன் உள்ளே ஒரு துளி பெட்ரோலும் இல்லையென்று உறுதி செய்துகொள்ளாதவர், தம் கையில் வெடியை வைத்துக்கொண்டு நெருப்புக் காட்டுகிறார். ஈயமும் சிறிதளவே வைக்க வேண்டும். பாரம் கூடினால் மிதவை தாழ்ந்து, மறுபடி வழியும். மிதவை எந்த உயரத்தில் அடைக்க வேண்டும் என்பது ஸோலெக்ஸ், ஜெனித், கார்ட்டர் என்று ஒவ்வொரு கார்புரேட்டருக்கும் வேறு. அவ்வளவு தயாரிப்பாளர் புத்தகத்தில் இருக்கிறது; கண்திட்டம் போதாது. உயரத்தைச் சரிப்படுத்தச் சிறு நாக்கை மட்டும் வளைக்க வேண்டும். மிதவையை அமுக்கி ஊசியை ஆசனத்தில் நசுக்குவது பட்டறைகளில் சாதாரணமாகக் காணும் தவறு.

எல்லாம் சரியாக இருந்தும் வழிகிறதென்றால் பம்ப்பைக் கேட்க வேண்டும். பழைய லாரிப் பம்ப்புகள் சதுர அங்குலத்திற்குச் சில பவுண்டு அழுத்தமே தருபவை. வேறு வண்டியின் பலத்த பம்ப்பைப் பொருத்தினால் அது நல்ல ஊசியையும் தள்ளித் திறந்துவிடும்.

முற்காலத்தில் இல்லாத ஒரு காரணம் இப்போது சேர்ந்திருக்கிறது. 2025-ல் இந்தியாவில் பெட்ரோலில் 20 சதவீதம் எதனால் கலக்கும் நிலை வந்தது. பழைய வண்டியின் ரப்பரும் தக்கையும் அதற்கென்று செய்யப்பட்டவை அல்ல, உப்பிவிடலாம், இளகிவிடலாம். டாங்கில் பல வருஷம் படிந்த பிசுக்கையும் எதனால் கரைத்துக் கிளப்பும். அது நேரே ஊசிக்கு வந்து சேரும். ஆகவே பழைய வண்டிக்கு டாங்கிற்கும் பம்ப்புக்கும் நடுவே நல்ல வடிகட்டி அவசியம். ஊசியும் வாஷரும் வாங்கும்போது எதனாலைத் தாங்குபவையா என்று கடைக்காரரைக் கேட்டே வாங்க வேண்டும்.

வழிதல் நின்றவுடன் வேலை முடிந்ததாக எண்ணக் கூடாது. எஞ்சின் எண்ணெயை அன்றே மாற்ற வேண்டும். பெட்ரோல் கலந்த எண்ணெய் பேரிங்குகளைத் தின்றுவிடும். எண்ணெய்ச் செலவை மிச்சம் பிடித்து எஞ்சினைப் பறிகொடுப்பது எந்தச் சங்கத்துக்கும் கட்டாது. அடுத்த ஒரு வாரம், டாங்கை வாய்வரை நிரப்பி, ஒரே பாதையில், ஒரே சுமையுடன் ஓட்டி, கிலோமீட்டரையும் மறுபடி நிரப்பிய லிட்டரையும் ஏட்டில் எழுத வேண்டும். எழுதும்போது டிரைவர் கூட இருக்க வேண்டும். செலவு பழைய அளவுக்கு இறங்கிவிட்டதானால், அவர்மேல் தீர்மானப் புத்தகத்தில் ஏதேனும் எழுதியிருந்தால் அதை அடுத்த கூட்டத்திலேயே, அவர் முன்னிலையில், அடித்துவிட வேண்டும்.