அதட்டினால் உற்பத்தி பெருகுமா?

(ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



உற்பத்தி குறைந்தால் நிர்வாகம் முதலில் சொல்வது என்ன? "தொழிலாளி சோம்பேறி!" உடனே மெமோ, அபராதம், மேஸ்திரியின் அதட்டல். நோய்க்கு இதுதான் மருந்தா? ஆமதாபாத்தில் நடந்ததைக் கேளுங்கள்.

1952-ல் அங்குள்ள காலிகோ ஆலையில் தானியங்கித் தறிகள் வந்தன. புதிய எந்திரம் வந்தும் உற்பத்தி உயரவில்லை. துணியில் சேதமும் குறையவில்லை. ஒரு கூடத்தில் தறிகள் 224. ஆட்கள் 29 பேர். வேலையோ 12 வகை. நெசவாளிக்கு இத்தனை தறி என்று ஒரு கணக்கு. ஊடைநூல் நிரப்புகிறவருக்கு வேறு கணக்கு. அறுந்த பாவைச் சீர்செய்கிறவருக்கு இன்னொரு கணக்கு. ஒருவர் வேலை மற்றவர் வேலையோடு பொருந்தவில்லை. தறி நின்றால் யாரை யார் கூப்பிடுவது? குழப்பம் வேலை ஏற்பாட்டில் இருந்தது. பழி மட்டும் தொழிலாளி தலையில்!

1953-ல் லண்டன் டாவிஸ்டாக் நிலையத்தின் ஆராய்ச்சியாளர் ஏ.கே.ரைஸ் ஒரு யோசனை சொன்னார். இத்தனை தறிக்கு இந்தக் குழு பொறுப்பு என்று விட்டுவிடுங்கள் என்றார். தொழிலாளர்கள் காத்திருக்கவில்லை. யார் யாரோடு சேர்வது என்பதைத் தாங்களே முடிவு செய்து குழு அமைத்தார்கள். முதலில் தடுமாற்றம் இருந்தது. பிறகு தறிகளின் திறன் 80 சதவீதத்திலிருந்து 95 ஆயிற்று. சேதம் 32 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைந்தது. அதே தறி, அதே ஆட்கள்! மாறியது மேய்க்கும் முறைதான்.

வயலில் வேலை செய்யும் தோழர்களுக்கு இது புதிதல்ல. நடவுப் பெண்கள் தாங்களே வரிசை பிடித்து, பின்தங்கியவளுக்குக் கைகொடுத்து நட்டால் வயல் ஒழுங்காக நிறையும். வரப்பில் நின்று காரியக்காரர் கத்தினால் கை பறக்கும்; நாற்று சாயும்.

ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. கூடிய 15 சதவீதம் யார் பைக்குப் போகிறது? குழு என்ற பெயரில் ஆளைக் குறைத்து வேலையை ஏற்றினால், அது பழைய அதட்டலுக்குப் போட்ட புதுச்சட்டைதான். அந்தக் காலிகோ ஆலையே 1990-களில் மூடப்பட்டது. அன்று திறமையை நிரூபித்தவர்களின் ஆலை அது. அதை மூடலாமா என்ற முடிவு தொழிலாளியின் கையில் இல்லை.

ஆகவே அடுத்த முறை "சோம்பேறி" என்று மெமோ வந்தால், தலைகுனிந்து கையெழுத்துப் போடாதீர்கள். சங்கத்தின் மூலம் கேளுங்கள்: வேலையைப் பங்கிட்டது யார்? எங்களைக் கலந்தீர்களா? கூடும் உற்பத்தியில் எங்கள் கூலி எவ்வளவு கூடும்? ஒருவருக்கும் வேலை போகாது என்று எழுதித் தருவீர்களா?

இந்த நான்குக்கும் பதில் வரட்டும். உற்பத்தியைப் பற்றிப் பிறகு பேசுவோம்!